நூறு புளியங்கொட்டை: சேர்வராயன் மலையில் ஒரு பயிற்சி, இரண்டு அறுவடை

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு மலையூர். சமுதாயக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு, அதற்குள் நூறு புளியங்கொட்டைகளை எண்ணி வைத்தோம். காப்பி சீசனில் ஊருக்குள் வரும் பணம் நூறு ரூபாய் என்றால், அது எங்கெங்கே போகிறது என்று பெண்களே கொட்டைகளை நகர்த்திக் காட்ட வேண்டும். வட்டத்துக்குள் இருந்தால் பணம் ஊரில் இருக்கிறது. வெளியே தள்ளினால் மலை இறங்கிவிட்டது.

முதலில் யாரும் கை நீட்டவில்லை. அப்புறம் வயதான அம்மா ஒருவர் முன்னால் வந்து உட்கார்ந்து, ஒரு கை நிறைய அள்ளி வெளியே வைத்தார். "அரிசி, பருப்பு, எண்ணெய்ங்க. எல்லாம் கீழே இருந்து வர்றதுதானுங்களே." அடுத்தவர் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தள்ளினார். இன்னொருவர் பிள்ளைகளின் படிப்புக்கு. தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்துக்கு வியாபாரி பிடித்துக்கொண்டது என்று ஒரு பெரிய குவியல் போனது. அரை மணி நேரம் கழித்து உள்ளே எண்ணினால் பதினான்கு கொட்டைகள். பக்கத்துக் காட்டுக்குக் கொடுத்த கூலி, ஊர்ச் சீட்டு, கோயில் வரி, அவ்வளவுதான்.

அந்தப் பதினான்கிலிருந்து ஒரு இளம்பெண் இரண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அக்கா, காப்பித்தூளும் நாம கீழேதானே வாங்கறோம்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுவிட்டு, அதையும் வெளியே வைத்தார். கூடம் அமைதியாகிவிட்டது. வீட்டைச் சுற்றிக் காப்பிச் செடி நிற்கும் ஊர் அது.

நான் சேலத்தில் இருந்துகொண்டு பல வருஷமாகச் சிறுதொழில் பயிற்சி நடத்துகிறவன். இந்த ஊரில் நடந்ததை முழுதாக எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பயிற்சி முதல் வருஷம் தோற்றது, இரண்டாம் வருஷம் ஓரளவு நின்றது. ஆட்கள், ஊர், செடி எல்லாம் அதேதான். மாறியது பயிற்சி நடந்த மாதமும், சொல்லிக்கொடுத்த ஆளும்.

யாருக்காக நடந்த பயிற்சி

பயிற்சிக்கு வந்தவர்கள் பதினாறு பேர். மகளிர் குழுக்களோடும் சிறு உற்பத்தியாளர்களோடும் வேலை செய்யும் களப்பணியாளர்கள். ஆத்தூர், ஓமலூர், வாழப்பாடி பக்கத்திலிருந்து வந்தவர்கள், சேலம் டவுனிலிருந்து சிலர். மலையூர்ப் பெண்கள் பதினொரு பேர் கொண்ட குழு, அவர்களுடைய களப் பாடம். 'நிலைத்த உள்ளூர்ப் பொருளாதார மேம்பாடு' என்பது பாடத்தின் பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் கேள்வி எளிது: ஒரு வட்டாரத்தில் விளைகிறதும் உழைக்கிறதும் அந்த வட்டாரத்துக்கு என்ன விட்டுச் செல்கிறது, மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் அதைக் கூட்ட முடியுமா?

இந்த அணுகுமுறையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நெடுநாளாகப் பேசி வருகிறது. 1964-ல் இத்தாலியின் தூரின் நகரில் அது அமைத்த பயிற்சி மையமும் இதைச் சொல்லிக்கொடுக்கிறது. தொழில் செய்பவர், தொழிலாளர், உள்ளாட்சி, கடன் கொடுப்பவர் எல்லோரையும் ஒரே பாயில் உட்காரவைத்து, வட்டாரத்தின் பலம் எது, ஓட்டை எது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைப்பதுதான் அடிப்படை. நம் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் சில வருஷத்திலேயே சேலத்துக்கும் வந்தது. சேமிப்பும் உள்கடனும் இங்கே பெண்களுக்குக் கைவந்த வேலை. கைவராதது, அந்தச் சேமிப்பை ஒரு தொழிலின் பக்கம் திருப்புவது.

களப்பணியாளர்களுக்கு நான் போட்ட ஒரே கட்டுப்பாடு, புளியங்கொட்டை நகரும்போது வாய் திறக்கக் கூடாது என்பது. அவர்களுக்கு அது கஷ்டமாக இருந்தது. மூன்று பேர் நோட்டில் அதற்குள்ளாகவே 'ஊறுகாய், மெழுகுவர்த்தி, பினாயில்' என்று எழுதிவிட்டார்கள். எந்த ஊருக்குப் போனாலும் நாம் கையில் எடுத்துப் போகும் பட்டியல் அது. ஊரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே தொழிலை முடிவு செய்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் என் வேலையில் பாதி.

நூறு கிலோ பழத்தின் கணக்கு

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டுக்குக் காப்பி வந்தது. பெரிய எஸ்டேட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் நான் சொல்லும் குழுவின் குடும்பங்களுக்கு எஸ்டேட் கிடையாது. சில்வர் ஓக், பலா, மிளகுக் கொடிக்கு நடுவே சிதறி நிற்கும் செடிகள். கேரளத்தார் அல்ல, இந்த மலையிலேயே வாழும் 'மலையாளி' என்ற பழங்குடிக் குடும்பங்கள். நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை பழம் பறித்து, பறித்த அன்றே பழமாகவே எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தப் பழம் கீழே போய் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டோம். நன்றாகப் பழுத்த பழம் நூறு கிலோ எடுத்துக்கொண்டால், தோல் நீக்கி, வழுவழுப்புப் போகக் கழுவிக் காயவைத்தால் கிட்டத்தட்ட இருபது கிலோ பார்ச்மென்ட், அதாவது மேல் ஓட்டோடு காய்ந்த கொட்டை, வரும். மேல் ஓட்டை உரித்தால் பதினாறு கிலோ பச்சைக் கொட்டை. வறுக்கும்போது ஈரமும் எடையும் போய் பதிமூன்று கிலோ தூள். நூறு, இருபது, பதினாறு, பதிமூன்று. இந்த நான்கு எண்களையும் சுவரில் கரியால் எழுதிவைத்தோம். பழத்தை விற்கிறவருக்கு முதல் எண் மட்டும்தான் தெரியும். லாபம் மற்ற மூன்று படிகளில் இருக்கிறது.

அடுத்த நாள் எல்லோரையும் மலையிலிருந்து இறக்கி, ஆத்தூர் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலைக்குக் கூட்டிப் போனேன். ஏன் காப்பிக்காரர்களைக் கிழங்கு ஆலைக்கு அழைத்துப் போகிறாய் என்று உடன் வேலை செய்யும் நண்பரே கேட்டார். மரவள்ளிக் கிழங்கு லாரியில் வந்து இறங்கியதும், அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மாவுச்சத்து பார்க்கிறார்கள். 'பாயிண்ட்' என்று பெயர். பாயிண்ட் கூடினால் விலை கூடும், குறைந்தால் குறையும். கிழங்கு போடும் விவசாயிக்கும் அது மனப்பாடம். பாயிண்ட் போடுவதில் சண்டை வருவதுண்டு, ஆனாலும் தரத்துக்கும் விலைக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. தயாரான ஜவ்வரிசிக்கோ 1981-லிருந்து சேகோசர்வ் கூட்டுறவு இருக்கிறது: சரக்கைக் கிடங்கில் சேர்த்து, மாதிரி எடுத்துச் சோதித்து, ஏலத்தில் விற்கிறது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

திரும்பும் வழியில், இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறியபோது, காப்பித்தூளைக் கவனித்துச் சொன்ன அதே பெண் கேட்டார்: "அண்ணா, கிழங்குக்குப் பாயிண்ட் இருக்கு. நம்ம பழத்துக்கு என்னங்க இருக்கு?" நான் சொல்லிக்கொடுக்க நினைத்ததை அவரே வந்து சேர்ந்துவிட்டார். மலையில் சிவந்த பழமும் பச்சைக் காயும் ஒரே சாக்கில், ஒரே எடையில், ஒரே விலையில் போகிறது. மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று பிடிப்பதும் உண்டு. பார்த்துப் பறித்தவருக்கும் கிளையை உருவிப் போட்டவருக்கும் ஒரே காசு. அப்புறம் யார் பார்த்துப் பறிப்பார்?

முதல் அறுவடை கெட்டது

இவ்வளவு நல்ல தொடக்கத்துக்குப் பிறகும் முதல் வருஷச் சரக்கு பூசணம் பிடித்தது. அந்தத் தவறு என்னுடையது.

பயிற்சி நடந்தது ஜூன் மாதம். பண ஒதுக்கீடு அப்போதுதான் வந்தது, கூடமும் அப்போதுதான் கிடைத்தது. ஜூனில் செடியில் இருப்பது பச்சைப் பிஞ்சு. பழம் இல்லாமல் பழத்தைப் பதப்படுத்தும் பாடத்தை நடத்தினேன். படம் காட்டினேன், தாள் கொடுத்தேன். அந்தத் தாளில் 'தோல் நீக்கிய கொட்டையை 24 மணி நேரம் தொட்டியில் ஊறப்போட்டு நொதிக்கவிடவும்' என்று அச்சடித்திருந்தது. பெண்கள் அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டார்கள்.

டிசம்பரில் மலை எப்படி இருக்கும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். சுமார் 1,500 மீட்டர் உயரம். வடகிழக்குப் பருவமழை இன்னும் முழுதாக விட்டிருக்காது, பத்து மணி வரை பனிமூட்டம். அந்தக் குளிரில் 24 மணி நேரத்தில் கொட்டையின் வழுவழுப்பு போகவில்லை. இன்னும் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் விட்டிருக்க வேண்டும். ஆனால் தாளில் 24 என்று இருந்ததால், சொன்ன நேரத்துக்குக் கழுவிவிட்டார்கள். பிசுக்கோடு களத்தில் கொட்டினார்கள். வெயில் இல்லை. தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் கீழே விரித்தார்கள், இராத்திரியில் மூட வேறு இல்லை. ஐந்தாம் நாள் சரக்கில் ஈரச் சாக்கு வாடை வந்துவிட்டது. நான் போனபோது குழுத் தலைவி ஒரு பிடி எடுத்து என் கையில் போட்டு, "மோந்து பாருங்க சார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பழமாக விற்றிருந்தால் கிடைத்திருக்கும் பணம்கூட அந்தச் சரக்குக்குக் கிடைக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் குழுவை விட்டுப் போயின. முன்பணம் வாங்கியிருந்தவர்களுக்கு வியாபாரியிடம் பேச்சுக் கேட்கவேண்டி வந்தது. எங்கள் அறிக்கையில் அந்த ஜூன் பயிற்சிக்கு 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பதிவாகியிருந்தது. வருகைப் பதிவு முழுசு, பின்னூட்டப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று'. வகுப்பு முடிந்த நாளில் எடுக்கும் மதிப்பீடு எதையும் காட்டாது என்பதை அந்த ஒரு பிடிக் கொட்டையில் புரிந்துகொண்டேன்.

மேஸ்திரியின் கை

இரண்டாம் வருஷம் பயிற்சியைக் கார்த்திகைக்குத் தள்ளினோம். ஒதுக்கீடு செய்தவர்களிடம் பேசி, நான்கு நாள் வகுப்பை உடைத்து, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பன்னிரண்டு அரை நாட்களாக மாற்றினோம். செலவு அதேதான். களப்பணியாளர்கள் இரண்டு இரண்டு பேராக மாறி மாறி மலையேறினார்கள்.

சொல்லிக்கொடுக்கும் ஆளையும் மாற்றினோம். அதே ஊரில் எஸ்டேட்டில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற ஒரு மேஸ்திரி இருந்தார். முதல் வருஷம் அவர் சமுதாயக் கூடத்துக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் படம் காட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. இந்தத் தடவை அவருக்குப் பயிற்றுநர் சம்பளம், எனக்கு என்னவோ அதே தொகை.

அவர் மணி பார்க்கவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி கொட்டையை எடுத்து உள்ளங்கையில் தேய்ப்பார். வழுக்கினால் திரும்பப் போடுவார். ஆற்றுக் கூழாங்கல் போலச் சரசரவென்று உரசினால், "இப்ப கழுவுங்க" என்பார். பதினொரு பேரில் மீதமிருந்த ஒன்பது பேர் கையிலும் தேய்க்கவைத்தார். களப்பணியாளர்கள் கையிலும். மூன்றாம் நாள் பெண்கள் தாங்களே சொல்லிவிட்டார்கள். காயும் பதத்தையும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்: துழாவும்போது வரும் சத்தம், பல்லில் கடித்தால் பதியும் தடம். கடைசியில் ஈரமானி வைத்துப் பார்த்தபோது பத்து, பதினொரு சதவீதத்தில் நின்றது.

பாயிண்ட் விஷயத்துக்கும் அவரே வழி சொன்னார். பறித்து வந்த கூடையை ஒரு அண்டாத் தண்ணீரில் கொட்டுவது. கனமான பழம் அமிழும். சப்பையும் காய்த்துளைப்பான் வண்டு விழுந்ததும் மிதக்கும். மிதவையை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அமிழ்ந்ததில் பச்சையைப் பொறுக்கினால் மிச்சம் சுத்தமான சிவந்த பழம். அதன் எடைக்கு மட்டும் குழு முழு விலை போடும். மிதவைக்குக் குறைந்த விலை. அதை வண்டோடு சும்மா விட்டால் அடுத்த வருஷம் செடியைத் தின்றுவிடும் என்பதால் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் முக்கிக் காயவைக்கவேண்டும் என்பதும் விதியில் சேர்ந்தது. இரண்டாவது வாரத்திலேயே கூடைகளில் பச்சை குறைந்துபோனது. யாரும் அறிவுரை சொல்லவில்லை, தண்ணீர் அண்டாவே சொல்லிவிட்டது.

தண்ணீர் என்றதும் இதையும் சொல்லவேண்டும். தோல் நீக்கிக் கழுவும் தண்ணீர் புளித்துப்போய் ஓடையில் கலந்தால் கீழ் ஊருக்குக் கேடு. கையால் சுற்றும் சின்ன பல்ப்பர் (பழத்தின் தோல் நீக்கும் கருவி), குறைந்த தண்ணீர், சுண்ணாம்பு போட்ட உறிஞ்சு குழி, தோல் எருக்குழிக்கு என்று நான்கும் முதல் நாளே வைத்துக்கொண்டோம். வருமானம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அது ஒருபோதும் வராது. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரைப் பார்த்து வளர்ந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாங்காத மெஷின்

அந்தக் குழுவுக்கு நாங்கள் செய்த பெரிய உதவி, ஒரு மெஷின் வாங்காமல் தடுத்தது என்றே நினைக்கிறேன். மத்திய அரசின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டம் 2020-ல் வந்தது. கடனோடு சேர்ந்து 35 சதவீத மானியம், 10 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. உணவுத் தொழில் செய்யும் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் இருந்தது. நல்ல திட்டம், பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் மானியம் என்ற சொல் காதில் விழுந்ததும் மெஷின் படம் வந்துவிடுகிறது. எங்கள் களப்பணியாளர் ஒருவரே ஐந்து கிலோ வறுவல் மெஷினுக்கு விலைப்புள்ளி வாங்கி வந்துவிட்டார்.

சரி, கணக்குப் போடுவோம் என்றேன். குழு சேர்க்கும் பழம் மொத்தம் மூன்று டன். பச்சைக் கொட்டையாக 480 கிலோ. ஒரு தடவைக்கு ஐந்து கிலோ, இருபது நிமிஷம் என்றால் மணிக்கு 15 கிலோ. ஆக, 32 மணி நேரம். வருஷம் முழுக்க நாலைந்து நாள் ஓடும் மெஷினுக்கு, மானியம் போக மீதி 65 சதவீதம் குழுவின் தலையில். அதைப் போட்ட பெண் பேனாவை மூடிவிட்டார். சேலத்தில் கூலிக்கு வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அங்கேயே கொடுப்பது என்று முடிவானது. சிக்கரி கலப்பதானால் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, கலந்த அளவைப் பாக்கெட்டில் அச்சிடவேண்டும் என்பதைச் சொன்னேன். "கலக்கவே வேண்டாங்க, அது நம்ம காப்பியாவே இருக்கட்டும்" என்று தீர்த்துவிட்டார்கள்.

மெஷினுக்குப் பதில் தேவைப்பட்டது இரண்டு: இன்னும் ஆறு தார்ப்பாய், ஒழுங்கான களம். ஊரில் ஒரு உலர்களம் ஏற்கெனவே இருந்தது, வெடித்துப் புல் முளைத்துக் கிடந்தது. பஞ்சாயத்து, குழு, மேஸ்திரி, கூட்டுறவு ஆள் என்று எல்லோரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசியதில் அதைப் பூசிக்கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். உள்ளூர்ப் பொருளாதார மேம்பாடு என்று நாங்கள் வகுப்பில் ஒரு நாள் முழுக்கச் சொன்ன 'பங்குதாரர் கூட்டம்' நடைமுறையில் அந்த ஒரு மணி நேரம்தான்.

முன்பணச் சிக்கலை ஜூனில் நாங்கள் தொடவே இல்லை. ஐந்து குடும்பங்கள் வியாபாரியிடம் வாங்கியிருந்தால் அவருக்குத்தான் பழம் கொடுக்கவேண்டும், எந்தப் பயிற்சியாலும் அதை மாற்ற முடியாது. குழுவின் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்து ஐந்து பேரையும் மீட்டார்கள். வியாபாரியைப் பகையாக்கவில்லை. மழையில் பஸ் நின்ற வாரங்களில் அரிசி கொண்டுவந்தவர் அவர். மிதவையும் பச்சையும் இன்றும் அவருக்கே போகிறது.

இரண்டாம் வருஷக் கணக்கு

அந்த வருஷம் சரக்கு கெடவில்லை. மொத்தத்தையும் தூளாக்கவும் இல்லை. தூள் சில வாரத்தில் மணம் இழந்துவிடும், பார்ச்மென்ட் மாதக்கணக்கில் நிற்கும். அதனால் பெரும்பகுதியைப் பார்ச்மென்டாகவே விற்றார்கள். மீதியை வைத்திருந்து, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் கோடை விழாவுக்கும் கூட்டம் ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக வறுத்து எடுத்து வந்தார்கள். பேர் வாங்கும் வேலை இன்னும் பாக்கி. 2019-ல் அரக்கு, குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, வயநாடு என்று ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஏற்காடு அந்த வரிசையில் இல்லை. மலைக்கென்று ஒரு தரம் எல்லோரும் ஒத்துக்கொண்டு வராமல் அது நடக்காது. ஒன்பது குடும்பத்தின் தண்ணீர் அண்டா அதற்கு மிகச் சின்னத் தொடக்கம்.

ஜூன் மாதம் மறுபடி சாக்பீஸ் வட்டம் போட்டோம். காப்பித்தூளுக்கு இரண்டு போய் முன்பு பன்னிரண்டாக இருந்த இடத்தில், இப்போது உள்ளே நின்றது இருபத்தொரு கொட்டைகள். கூடிய ஒன்பதில் மூன்று கொட்டை, மேஸ்திரிக்கும் களத்தில் துழாவியவர்களுக்கும் போன கூலி; நான்கு கொட்டை, ஊருக்குள்ளேயே சுற்றிய குழுக் கடனின் வட்டி; இரண்டு கொட்டை, காப்பித்தூள். அந்த இரண்டை உள்ளே வைக்கும் வேலையை யாரும் சொல்லாமலே அந்த இளம்பெண்ணுக்கு விட்டுவிட்டார்கள். பள்ளி, ஆஸ்பத்திரி, அரிசி எல்லாம் முன்போலவே வெளியேதான். அது ஒரு குழுவால் ஆகிற காரியம் இல்லை.

களப்பணியாளர்களில் சேலம் செவ்வாய்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளோடு வேலை செய்யும் ஒருவர் இதே வட்டத்தை அங்கே போட்டுப் பார்த்தார். அங்கே கொட்டைகள் சேலத்தை விட்டுப் போகவே இல்லை. ஆனால் பட்டறை வீட்டுக்குள்ளும் நிற்கவில்லை. வெள்ளி என்பது வியாபாரியின் சொத்து, வீட்டுக்கு வருவது கூலி மட்டும். ஊருக்கு ஒரு வட்டம் போதாது, வீட்டுக்கும் உள்ளே ஒன்று போடவேண்டும் என்று அவர் எழுதி அனுப்பினார். அடுத்த அணிக்கு அதைப் பாடத்தில் சேர்த்திருக்கிறேன்.

புது அணியின் அட்டவணையை எடுத்துக்கொண்டு போன மாதம் மலைக்குப் போனேன். குழுத் தலைவி வாங்கிப் பார்த்து, முதல் நாள் 'அறிமுகம், நோக்கம்' என்று இருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'பல்ப்பர் போல்ட் கழட்டி மாட்டுவது' என்று எழுதினார். "போன வருஷம் ரெண்டு தடவை சிக்கிக்கிச்சு சார். ரிப்பேருக்குக் கீழே தூக்கிட்டுப் போனோம், ரெண்டு நாள் பழம் வீணாப்போச்சு. முதல்ல இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கூட்டிட்டு வாங்க. தீபம் முடிஞ்ச வாரம் வாங்க, அதுக்கு முன்னாடி பழம் சிவக்காது."